காத்து பாக்கிற மீட்டர்

எங்க வீட்டுக்காரருக்கு வலது தோள்ல ஒரு தகடு இருக்கு. முதுகு தேச்சு விடும்போது விரல்ல தட்டுப்படும். ஆஸ்பத்திரியில தையல் பிரிச்ச அன்னைக்கு டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாவ: "இன்னொரு தடவை இதே தோள்ல விழுந்தா இந்தக் கை மேல எந்திரிக்காதும்மா. அப்புறம் வண்டியத் தொடவே முடியாது." நான் தலையாட்டிட்டு வெளிய வந்தேன். வீட்டுக்காரர் வராந்தாவுல உக்காந்துக்கிட்டு, "எப்ப வண்டி எடுக்கலாமாம்?"னு கேக்காவ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

ஆனா கேட்டதுலயும் ஞாயம் இருந்துச்சு. மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டை விட்டு எல்லாரும் இறங்கின வருஷம் நாங்களும் இறங்கி, தச்சநல்லூர்ல ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். மேல இருந்தவரைக்கும் நான் கொழுந்து பறிச்சேன், அவுக மருந்தடிக்கப் போனாவ. இங்க அந்த ரெண்டு வேலைக்கும் ஆளே தேவை இல்ல. கையில இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அதை வச்சு அவுக இலை வியாபாரம் ஆரம்பிச்சாவ. வெள்ளன கெளம்பி ஏரல் பக்கம் தோட்டத்துக்குப் போயி வாழை இலை வாங்கி, பின் சீட்டுல வச்சு இறுக்கிக் கட்டி, எட்டரை மணிக்குள்ள டவுன்ல மூணு ஓட்டலுக்குப் போடணும். அந்தக் கை போச்சுன்னா இலை போச்சு, இலை போச்சுன்னா பொழப்பு போச்சு. இது எனக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும்.

விழுந்தது ஆடி மாசத்துல. கருங்குளம் தாண்டி ஒரு வளைவுல, இலைக் கட்டோட வரும்போது முன்சக்கரம் வழுக்கிட்டு. ரோட்டுல மணல் கெடந்துச்சுன்னு சொன்னாவ. ஆடிக் காத்து தள்ளிட்டுன்னு சொன்னாவ. குறுக்க நாய் வந்துச்சுன்னும் ஒருத்தர்கிட்டச் சொல்லக் கேட்டேன். பாக்க வந்தவுக ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம். வண்டியை எடுத்துட்டு வந்து வீட்டு முன்னால நிறுத்தின பக்கத்து வீட்டுத் தம்பி மட்டும் என்னைப் பாத்து, "மைனி, முன்டயர்ல காத்தே இல்லியே, இதை வச்சு எப்படி ஓட்டுனாரு?"ன்னான்.

அது எங்க மலைப் பழக்கம். மாஞ்சோலைக்கு ஏறுற ரோட்டைப் பாத்தவுகளுக்குத் தெரியும், பாதி தூரம் வெறும் கல்லுதான். டயர்ல காத்து வெறைச்சு நின்னா கல்லுல பட்டுத் துள்ளும், மழையில வழுக்கும். அதனால மேல வண்டி வச்சிருந்த அம்புட்டுப் பேரும் காத்தைக் கொறச்சுத்தான் வைப்பாவ. டயர் கொஞ்சம் சப்பி இருந்தாத்தான் கல்லைக் கவ்விப் பிடிக்கும். அடிவாரத்துல மணிமுத்தாறுக்கு இறங்கினதும் கால்பம்பை வச்சு மிதிச்சு ஏத்திக்கிடணும், திரும்ப ஏறும்போது புஸ்ஸுன்னு விட்டுரணும். எவ்வளவு விடணும்னு எங்க வீட்டுக்காரர் கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துச் சொல்லிருவாவ. அந்த விரலுக்கு எஸ்டேட்ல ஒரு மருவாதி உண்டு. அடுத்த வரிசை லயன் வீட்டு ஆளுக கூட வண்டியைக் கொண்டாந்து, "இதை ஒரு அமுக்கு அமுக்கிப் பாரும் வே"ன்னு நிப்பாவ.

இறங்கி வந்து, கல்லு போயி தார் ரோடு வந்தாச்சு. விரல் மட்டும் மலையிலேயே நின்னுக்கிட்டு. போதாக்குறைக்கு இங்க உள்ள வெயில் வேற. "சூட்டுல காத்து விரிஞ்சு டயர் வெடிச்சிரும்ட்டி"ன்னு மத்தியானம் இன்னும் ரெண்டு புஸ்ஸு விடுவாவ. பஞ்சர் கடையிலயாவது ஒழுங்கா அடிப்பாவளான்னா, அங்கன உள்ள மீட்டர்ல முள்ளு ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். கடைக்காரர் டயரை ஒரு மிதி மிதிச்சு "போதும்"பாரு. ஒருத்தருக்கு விரல், ஒருத்தருக்குக் காலு. இப்படித்தான் எங்க வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

தை மாசம் ஒரு நாள், "கை சரியாயிட்டு, வார திங்கக்கெழமை ஏரலுக்குப் போறேன்"னாவ. நான் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து வண்டியை அழுத்தித் தொடச்சேன். கோவம் வந்தா எதையாவது தேச்சாத்தான் எனக்கு அடங்கும். பின்சக்கரத்துப் பக்கம் செயின் கவர்ல, சேத்துக்கு அடியில, எவ்வளவு காத்து இருக்கணும்னு போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. முன்சக்கரம் இருவத்தஞ்சு. பின்சக்கரம் ஒரு ஆளுக்கு இருவத்தெட்டு, ரெண்டு ஆளு ஏறுனா முப்பத்திரெண்டு. இலைக் கட்டும் ஒரு ஆளு கனந்தானே. வண்டி வாங்கி ஒம்பது வருஷம் ஆச்சு, இத்தனை நாளும் அந்தச் சீட்டு அங்கனயேதான் இருந்திருக்கு. அதைப் பாத்த அன்னைக்கே ஜங்ஷன் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கெளம்பிட்டேன்.

"டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாக்கிற மீட்டர் வேணும் அண்ணாச்சி."

கடைக்கார அண்ணாச்சி என்னைப் பாத்தாரு, எனக்குப் பின்னால யாராவது வாறாங்களான்னும் பாத்தாரு. "வண்டி ஓட்டுறவரை வரச் சொல்லுங்கக்கா. இதெல்லாம் பொம்பளையளுக்குப் பிடிபடாது."

"காய்ச்சல் பாக்கிற மீட்டர் பிடிபடுது, கேஸ் அடுப்பு பிடிபடுது, இது பிடிபடாதா? எடுத்துப் போடுங்க."

முதல்ல ஒரு பெரிய வட்ட மீட்டரை எடுத்துப் போட்டாரு. நூத்தம்பது வரைக்கும் நம்பர் போட்டிருந்துச்சு. எனக்கு வேண்டிய இருவத்தஞ்சு ஒரு மூலையில எறும்பு கணக்கா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுல ரெண்டு கொறஞ்சா கூடுனா எந்தக் கண்ணுக்குத் தெரியும்? "இது லாரிக்குல்லா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். அவரு அதை உள்ள வச்சாரு. அடுத்து பேனா மாதிரி ஒண்ணு. வால்வுல அமுக்குனா உள்ளேருந்து வெள்ளைக் குச்சி வெளிய துள்ளி வரும், அதுல நம்பர். கடை வாசல்ல நின்ன வண்டியில ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தோம். ஒரு தடவை இருவத்தாறு, இன்னொரு தடவை முப்பது. அப்புறம் பேட்டரி போட்டது, லைட்டெல்லாம் எரியும். "மழையில நனைஞ்சா?"ன்னேன். "நனைக்காம வச்சுக்கிடணும்"னாரு. எங்க வீட்டுக்காரர்கிட்டவா? நல்லா வச்சுக்கிடுவாவ.

கடைசியா ஒண்ணு எடுத்தாரு. உள்ளங்கை அளவு வட்டம், அறுவது வரைக்கும்தான் நம்பர், ஒரு சாண் ரப்பர் டியூபு, நுனியில பித்தளை வாய். வாயை வால்வுல வச்சு அமுக்கி எடுத்துட்டா முள்ளு அப்படியே நிக்கும். ஓரத்துல ஒரு பொத்தானை அமுக்குனா முள்ளு சுழிக்கு வந்துரும். கண்ணாடி போடாம கையை நீட்டிப் பிடிச்சுப் பாத்தேன், தெரிஞ்சுச்சு. ஆனா அதே வண்டியில இது இருவத்தொம்பது காட்டுச்சு. எனக்குச் சந்தேகம் வந்துட்டு.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணு சொல்லுதே அண்ணாச்சி, எதை நம்ப?"

அப்பத்தான் அவரு மொத மொதல்ல சிரிச்சாரு. "எதை வாங்குதியளோ அதையே நம்புங்க. ஒண்ணு கூட இருக்கும், ஒண்ணு கொறைய இருக்கும். ஒரே மீட்டரை வச்சுப் பாத்துக்கிட்டே வந்தா, நேத்தைக்கு விட இன்னைக்குக் கொறஞ்சுட்டான்னு அதுவே சொல்லிரும். காலையில வண்டி எடுக்கதுக்கு முன்னால பாக்கணும், ஓடி சூடான டயர்ல பாக்கப்பிடாது. அது ரெண்டு மூணு கூடக் காட்டும். கூட இருக்கேன்னு காத்தை விட்டியன்னா மறுநாள் காலையில டயர் சப்பிக் கெடக்கும்."

வீட்டுக்கு வந்து முன்சக்கரத்துல வச்சேன். பதினேழு. திரும்ப வச்சேன். பதினாறரை. அவுக வாசப்படியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தாவ.

"பதினேழு இருக்கு. இருவத்தஞ்சு இருக்கணும்."

"மீட்டர் பொய் சொல்லுது."

"மீட்டர் எதுக்குப் பொய் சொல்லணும்? அதுக்கு என்ன, உங்களை மாதிரி பாக்க வந்தவுகளுக்கெல்லாம் நாயும் மணலும் காட்டணுமா?"

டீயைக் கீழ வச்சுட்டாவ. மூஞ்சி செத்துப்போச்சு. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா சொல்லிட்டேன். மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாக்கேன், வண்டி பஞ்சர் கடைக்குப் போயிட்டு வந்து நிக்குது. மீட்டரை வச்சா முன்சக்கரம் இருவத்தஞ்சு, பின்சக்கரம் முப்பத்திரெண்டு. எப்போ மீட்டரைக் கொண்டு போனாவ, எப்போ கொண்டாந்து வச்சாவன்னு எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. அவுக இலைக்குப் போனாவ, வந்தாவ. ஆனா பைத்தியம் பிடிச்ச மாதிரி என் கோட்டித்தனம் கூடிப்போச்சு. தினமும் காலையில வண்டிக்கு முன்னால குத்தவச்சு உக்காந்துருவேன். ஒரு தடவை வச்சா மனசு ஆறாது. மீட்டரை எடுக்கும்போது கொஞ்சம் காத்து புஸ்ஸுன்னு போகும்லா, அந்தப் புஸ்ஸு எவ்வளவைக் கொண்டு போச்சோன்னு திரும்ப வைப்பேன். அது இன்னொரு புஸ்ஸு கொண்டு போகும். "ஏட்டி, நீ பாத்துப் பாத்தே காத்தைத் தீத்துருவ"ன்னு அவுக சிரிப்பாவ. எனக்குச் சிரிப்பு வராது. டாக்டரம்மா சொன்னதை நான் அவுககிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வண்டியில ஏறும்போதே கை நடுங்கிருமோன்னு பயம். அதனால அந்தப் பயத்தை நானே சுமந்துக்கிட்டு, தினமும் மீட்டர்ல எறக்கி வச்சுக்கிட்டு இருந்தேன்.

அதோட நிறுத்துனனா? அவுகளுக்கு ரெண்டு சட்டம் போட்டேன். ஒண்ணு, வண்டி ஓட்டும்போது போனை எடுக்கப்பிடாது. பிள்ளையார் கோயில் முன்னால நிறுத்திச் சத்தியமே வாங்கிட்டேன். இன்னொண்ணு, எச்சி. அவுக காத்துல கை வச்சா, முடிக்கும்போது ஆள்காட்டி விரல்ல எச்சியைத் தொட்டு வால்வு வாயில வைப்பாவ. குமிழி கட்டுனா காத்து ஒழுகுதுன்னு அர்த்தம். கட்டலைன்னா மூடியைத் திருகிருவாவ. ஊர்ல எல்லாரும் செய்யுததுதான். எனக்கு மட்டும் மீட்டர் வந்ததுல இருந்து அது கண்ணுக்கு ஆகல. "சீ, வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெள்ளன எந்திரிச்சு எச்சியா தொடுதீய? மீட்டர் எதுக்கு இருக்கு?"ன்னு ஏசுனேன். மூணு நாலு தடவை ஏச்சு வாங்கினதும் விட்டுட்டாவ. அவுகளுக்கு எங்கிட்ட வாக்குவாதம் பண்ணத் தெம்பு கெடையாது.

வைகாசியில ஒரு பெரிய முகூர்த்தம் வந்துச்சு. ஒரே நாள்ல டவுன்ல எத்தனையோ கல்யாணம். மூணு ஓட்டலோட ஒரு சமையல்காரரும் இலை கேட்டிருந்தாரு. அன்னைக்கு விடிஞ்சதும் விடியாததுமா நான் மீட்டரோட உக்காந்துட்டேன். பக்கத்துல வீடு கட்டுதாவ, எங்க வாசல் பூரா ஆத்து மணல். அவுக இலை கட்டுற கயித்தைத் தேடி உள்ளயும் வெளியயும் நடந்துக்கிட்டு இருந்தாவ. பின்சக்கரம் பாத்தாச்சு. முன்சக்கரத்துக்கு வரும்போது கைதவறி மீட்டர் மணல்ல விழுந்துட்டு. எடுத்துச் சேலையில ஒரு தொடை தொடச்சு, வால்வுல வச்சேன். இருவத்தஞ்சு. திரும்ப வச்சேன், இருவத்துநாலு. இன்னொரு தடவை வச்சேன்.

"விடுட்டி, நேரமாவுது."

"இருங்க, செத்த பொறுங்க."

"இலை எனக்காகவா காத்துக்கிட்டு நிக்கும்? எந்திரி, எந்திரி."

எந்திரிச்சேன். மெல்லிசா ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. வண்டி ஸ்டார்ட் ஆன சத்தத்துல அது அமுங்கிப் போச்சு. "பைய போங்க"ன்னேன். "ஆமா, பறந்தா போறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாவ.

நான் உள்ள வந்து மாவைக் கரைச்சு அடுப்பைப் பத்த வச்சேன். முந்தியை இழுத்துச் சொருகப் போனா முடிச்சுல ஏதோ கட்டியா தட்டுப்பட்டுச்சு. அவுத்துப் பாத்தேன். வால்வு மூடி. கருப்பா, சுண்டைக்காய் அளவு. மீட்டர் வைக்கும்போது எப்பவும் கழட்டி முந்தியில முடிஞ்சுக்கிடுவேன், முடிச்சதும் திருகிருவேன். இன்னைக்குத் திருகல.

மூடி இல்லன்னாலும் காத்து நிக்கும், அது தெரியும். ஆனா அவுக கெளம்பும்போது கேட்ட சத்தம் ஞாபகத்துக்கு வந்துச்சு. மீட்டரை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன். பித்தளை வாய்க்குள்ள, எண்ணெய்ப் பசையில ஒட்டிக்கிட்டு, ஏழெட்டு மணல். ஒரு குச்சியால நோண்டுனேன், உதுந்துச்சு. இங்க இவ்வளவு இருந்தா, அங்க வால்வுக்குள்ள எத்தனை போயிருக்கும்? உள்ள இருக்கிற ஊசி மணல்ல மாட்டி மேல வராம நின்னா, காத்து பைய பையப் போய்க்கிட்டே இருக்கும். அந்த மெல்லிசு சத்தம் அதுதான். அவுக எச்சி தொட்டு வச்சிருந்தா குமிழி கட்டியிருக்கும். அதைத்தானே நான் ஏசி ஏசி நிறுத்துனேன். பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கைப் பிடிச்சுட்டேனே பாவி.

அடுப்பை அணைச்சேன். போனை எடுத்து அடிச்சேன். ரிங் போச்சு. எடுக்கல. திரும்ப அடிச்சேன். எடுக்கல. ஏன் எடுக்கப் போறாவ? ஓட்டும்போது எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காவளே, எங்கிட்ட! பத்துத் தடவை அடிச்சிருப்பேன். ஒவ்வொரு ரிங்குக்கும் எனக்கு அந்த வளைவுதான் தெரிஞ்சுச்சு.

கட்டிலுக்கு அடியில எஸ்டேட்ல இருந்து கொண்டாந்த கால்பம்பு கெடந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு, மீட்டரையும் மூடியையும் முந்தியில முடிஞ்சுக்கிட்டு வெளிய ஓடுனேன். வீட்டைப் பூட்டுனனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல. ஆட்டோ பிடிச்சு புது பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, ஏரல் பஸ் கெளம்புற நேரத்துல தொத்தி ஏறுனேன். கண்டக்டர் என் கையில உள்ள பம்பைப் பாத்துட்டு, "என்னக்கா, நம்ம பஸ்ஸுக்குக் காத்தடிக்கவா?"ன்னாரு. பஸ்ஸே சிரிச்சுச்சு. நான் ஜன்னல் ஓரத்துல உக்காந்து ரோட்டையே பாத்தேன்.

அன்னைக்குப் பாத்து அந்த பஸ்ஸு எல்லா ஸ்டாப்புலயும் நின்னுச்சு. பாளையங்கோட்டையில நின்னுச்சு, செய்துங்கநல்லூர்ல நின்னுச்சு. ஒரு ஆளு ரெண்டு கோழியோட ஏறினாரு, கோழிக்கு டிக்கெட்டான்னு அவருக்கும் கண்டக்டருக்கும் தகராறு. நான் உள்ளுக்குள்ள, எடுங்கய்யா வண்டியை, எடுங்கய்யான்னு கெடந்து தவிச்சேன். இலை குடுக்கிற தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி இன்னும் வரலியே மைனி, இந்நேரம் வந்திருக்கணுமே"ன்னாரு.

ஒரு எடத்துல ரோட்டோரம் கூட்டமா நின்னுச்சு, நடுவுல ஒரு வண்டி சாஞ்சு கெடந்துச்சு. "நிறுத்துங்க! நிறுத்துங்க!"ன்னு கத்திட்டேன். டிரைவர் பிரேக் போட்டதுல எல்லாரும் முன்னால போயி முட்டுனாவ. பாத்தா அது பதனி விக்கிற ஆளு. சைக்கிளை மரத்துல சாத்தி வச்சுட்டு ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்காரு, சுத்தி நின்னவுக குடிச்சுக்கிட்டு இருக்காவ. கண்டக்டர் வாயில வந்தபடி ஏசுனாரு. ஏசட்டும். எனக்கு அது காதுலயே ஏறல.

கருங்குளம் தாண்டுச்சு. வளைவு வந்துச்சு. நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். அப்புறம் தொறந்தேன். வளைவுல ஒண்ணும் இல்ல. வயக்காடும், அந்தப் பக்கம் வாழையும் நின்னுச்சு. அதைத் தாண்டி ஒரு அரை மைல் தூரத்துல, ரோட்டோரமா ஒரு ஆளு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறது தெரிஞ்சுச்சு. நீலச் சட்டை. இடது கை ஹேண்டில் பார்ல, வலது தோளை ஒடுக்கி வச்சுக்கிட்டு நடக்காவ. எனக்கு வந்த அழுகையில ஸ்டாப்பிங்குன்னு சொல்லத் தெரியல. கண்டக்டரே விசிலடிச்சு நிறுத்துனாரு. "அங்கன போறாரே, அவருக்கா காத்து? எறங்குங்கக்கா, பாத்து"ன்னு பம்பையும் எடுத்துக் குடுத்தாரு.

இறங்கி ஓடுனேன். பக்கத்துல போனதும் மொதல்ல என் வாயில வந்தது ஏச்சுதான். "அந்தத் தோளை வச்சுக்கிட்டா வண்டியத் தள்ளுதீய? அறிவு இருக்கா உங்களுக்கு? போன் பண்ணத் தெரியாதா? அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சு போச்சே!"

அவுக என்னையும் பம்பையும் மாறி மாறிப் பாத்தாவ. "நீ எங்கனட்டி இங்க?"

"எதுக்குப் போனை எடுக்கல?"

"ஓட்டும்போது எடுக்கப்பிடாதுல்லா."

"இப்பத் தள்ளிக்கிட்டுத்தானே வாறீய!"

"நின்னதும் பாத்தேன், பதினாலு தடவை அடிச்சிருக்க. எடுத்து, முன்சக்கரம் காத்து எறங்கிட்டுன்னா நீ அங்கனயே விழுந்திருப்ப. எந்தக் கடையிலயாவது அடிச்சுட்டுக் கூப்பிடலாம்னு நெனச்சேன். ஒரு கடையும் தொறக்கல."

முன்டயர் ரிம்மோட ஒட்டிக் கெடந்துச்சு. அதைப் பாத்ததும் ரோட்டோரத்துலயே உக்காந்துட்டேன். உக்காந்தபடியே எல்லாத்தையும் சொன்னேன். மீட்டர் மணல்ல விழுந்தது, நான் மூணு தடவை வச்சது, மூடியைத் திருகாம விட்டது. டாக்டரம்மா சொன்னதையும் சொல்லிட்டேன். "நான்தான் உங்களைக் கொல்லப் பாத்தேன். இந்தச் சவத்தை நான் வாங்கியே இருக்கப்பிடாது"ன்னு மீட்டரை முந்தியில இருந்து அவுத்து, வயலுக்குள்ள வீச ஓங்கிட்டேன்.

அவுக என் கையைப் பிடிச்சாவ. வலது கையால. "டாக்டரம்மா எனக்கும் சொன்னாவட்டி. நான்தான் உங்கிட்டச் சொல்லல."

ஒரு லாரி போச்சு. அப்புறம் அவுகளே பைய ஆரம்பிச்சாவ.

"கருங்குளத்துக்கு முன்னாலயே ஹேண்டில் பார் கனத்துச்சு. ஒரு பக்கமா இழுத்துச்சு. நாலஞ்சு மாசமா இருவத்தஞ்சுல ஓட்டி ஓட்டி, அது எப்படி இருக்கும்னு கைக்குத் தெரிஞ்சு போச்சுல்லா. அது மாறினதும் தெரிஞ்சுட்டு. அந்த வளைவுக்கு முன்னாலயே நிறுத்திட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாவ: "ஆடியில விழுந்தேன்லா, அன்னைக்கும் இப்படியேதான் கனத்துச்சு. வீட்டுல இருந்து கெளம்பும்போதே கனத்துச்சு. எப்பவும் அப்படித்தானே இருக்கும்னு நெனச்சேன். நாயும் வரல, மணலும் கெடக்கல."

அன்னைக்கு வாசப்படியில வச்சு நான் சொன்ன சொல்லு இந்நேரம் வரைக்கும் அவுக நெஞ்சுக்குள்ள கெடந்திருக்கு.

எந்திரிச்சோம். அவுக ஒரு ஈர்க்குச்சியை ஒடிச்சு வால்வு ஊசியை ரெண்டு தடவை அமுக்கி, மணலை ஊதி வெளிய எடுத்தாவ. நான் பம்பைக் கீழ வச்சு மிதிச்சேன். அவுக மிதிக்க வந்தாவ, தள்ளி விட்டுட்டேன். சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ரோட்டோரத்துல நான் மிதிக்க மிதிக்க டயர் பைய எந்திரிச்சுச்சு. போற பஸ்ஸுல இருந்தெல்லாம் எட்டிப் பாத்தாவ. அவுக குனிஞ்சு டயர்கிட்டக் கட்டை விரலைக் கொண்டு போனாவ. பழக்கம். டயர்ல படுறதுக்கு முன்னால விரலை மடக்கிக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தாவ.

"எவ்வளவு இருக்குன்னு பாரு."

அவுக வாயில இருந்து அந்தச் சொல்லு வந்தது அன்னைக்குத்தான் மொதத் தடவை. மீட்டரை எடுத்து, பித்தளை வாயை நல்லா ஊதி, வால்வுல ஒரே ஒரு தடவை வச்சு எடுத்தேன். கையை நீட்டிப் பிடிச்சுப் பாத்தேன். கண்ணு பூரா தண்ணி, முள்ளு எங்கன நிக்குன்னு தெரியல.

"தெரியலைங்க. நீங்க பாருங்க."

அவுக மீட்டரை வாங்கி மூஞ்சிக்கு நேரே தூக்கிப் பிடிச்சாவ. வலது கை. தோளுக்கு மேல வந்துச்சு, நடுங்காம நின்னுச்சு.

"இருவத்தஞ்சு"ன்னாவ. அப்புறம் எங்கிட்ட ஒரு விரலை நீட்டி, "எச்சி தொடலாமா?"ன்னு கேட்டாவ.

"நான் தொடுதேன்"னு சொல்லி, என் விரலை நாக்குல தொட்டு வால்வுல வச்சேன். ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தோம். குமிழி கட்டல. முந்தியை அவுத்து மூடியை எடுத்துத் திருகுனேன். அன்னைக்கு இலை ஓட்டலுக்குப் போயிச் சேரும்போது ஒம்பதே முக்கால், சமையல்காரரையும் சேத்து நாலு எடத்துலயும் ஏச்சு. தோட்டம் வரைக்கும் அவுக பின்னால ஏறிப் போனேன், வரும்போது பின் சீட்டு பூரா இலைக்கட்டு இருந்ததால நான் பஸ்ஸுலதான் திரும்பி வந்தேன், மடியில பம்போட.